களரைத் தரிசு என்று எழுதியது யார்?

கடலூரிலும் சிதம்பரத்திலும் மண்ணைப் பற்றி ஒரு நாலு வரித் தீர்ப்பு நடமாடுகிறது. டீக்கடையில் கேட்கலாம், தாலுகா ஆபீஸ் வராந்தாவில் கேட்கலாம், நிலத் தரகரின் வாயிலும் கேட்கலாம். முதல் வரி: இந்த நிலமெல்லாம் கடல் உப்பு ஏறியது. இரண்டாவது வரி: நல்ல தண்ணீர் விட்டு நாலு தடவை கழுவினால் தேறும். மூன்றாவது வரி: அப்படியும் தேறாவிட்டால் அது தரிசு, ஒன்றும் விளையாது. நான்காவது வரி: விளையாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தொழிலுக்கோ பண்ணைக்கோ கொடுத்துவிடலாம்.

நாலு வரியும் தவறு. முதல் மூன்றும் மண்ணியலில் தவறு. நான்காவது, அந்த மூன்றையும் அஸ்திவாரமாக வைத்துக் கட்டிய தவறு. இதில் யாருக்கு லாபம் என்று கேட்டால், முதல் மூன்று வரிகளையும் யாரும் சரிபார்க்காமல் இருப்பது ஏன் என்பதும் புரிந்துவிடும்.

தீர்ப்புக்கு வயது அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கல்லாதவர்களுக்கு உவமை தேடிய வள்ளுவர் பயன் தராத களர் நிலத்தைத்தான் எடுத்துக்கொண்டார். நம் ஊரில் குறளைச் சொல்லிவிட்டால் எதிர்ப்பேச்சு அடங்கிவிடும். ஆனால் உவமையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போவதானால், கல்லாதவன் கற்கக்கூடியவன். ‘கல்லாமை’ அதிகாரத்துக்கு முந்தைய அதிகாரமே ‘கல்வி’தான். களரை அப்படியே விட்டுவிடு என்று அந்தக் குறளிலிருந்து யாரும் பொருள் எடுக்க வேண்டியதில்லை. களர் கெடப் பிரண்டையைப் புதைக்கச் சொல்லும் பழமொழியும் இதே மொழியில்தான் இருக்கிறது. உவமை புலவருடையது, பழமொழி உழவருடையது. மண் விஷயத்தில் நான் உழவர் பக்கம்.

இனி முதல் வரி. உப்பு என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் அதிகம். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் என்பார்கள். வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் பயிர் வாடுகிறது; மண்ணின் கட்டுக்கோப்பு மட்டும் பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. களர் நிலத்தில் கரையும் உப்பு குறைவாகவே இருக்கலாம், நாக்கில் வைத்தால் பெரிதாகக் கரிக்காது. அங்கே குறை களித்துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் சோடியத்தில் இருக்கிறது. பரிமாற்றத்துக்கு உள்ளாகும் அயனிகளில் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டி, கார அமிலநிலை 8.5-ஐயும் தாண்டினால் களர். இந்த எல்லைகளை அமெரிக்க உவர்மண் ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கையேடு வகுத்தது. கார அமிலநிலைக்கு மட்டும் இந்தியாவில் 8.2 என்ற எல்லையை வைத்துக்கொள்கிறார்கள்.

இது புத்தகப் பாகுபாடு, ஊருக்கு உதவாது என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொகுப்புப்படி, தமிழ்நாட்டில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர். அதில் களர் சுமார் 3.54 லட்சம். கடலோர உவர் சுமார் 13 ஆயிரம் ஹெக்டேர் மட்டுமே. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு நிலத்தைக் கடலின் தலையில் கட்ட முடியாது. திருச்சிக்கும் சேலத்துக்கும் கடல் எங்கிருந்து வந்தது?

சோடியம் பல சமயம் கிணற்றிலிருந்து வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியத்தைவிட கார்பனேட்டும் பைகார்பனேட்டும் மிகுந்திருந்தால், வயலில் நீர் ஆவியாகும்போது கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து ஒதுங்கிவிடும். எஞ்சி நிற்பது சோடியம். காலியான இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த மிகுதி லிட்டருக்கு 2.5 மில்லி சமானத்தைத் தாண்டினால் அந்த நீர் பாசனத்துக்கு ஆகாது என்பது பாசனத்துறையில் எழுபது வருஷத்துக்கு மேல் புழங்கும் விதி. அந்தத் தண்ணீரை வருஷக்கணக்கில் பாய்ச்சிவிட்டு, நிலம் கெட்டது கடலால் என்று சொல்வது வசதியான கதை. கடல் பதில் பேசாது.

கடலூர் மாவட்டத்தில் இந்தக் கதை இன்னும் பலவீனமாகிறது. இங்கே நிலத்தின் மேட்டுப் பகுதி கடலூர் மணற்கல்லால் ஆனது. அந்தப் பாறைக்குக் கடலூரின் பெயரைப் புழக்கத்தில் கொண்டுவந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே சுற்றிய பிளான்ஃபோர்டு போன்ற நிலவியலாளர்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் மேலே கிடப்பதும், திருவக்கரையின் கல்மரங்களைப் பொதிந்து வைத்திருப்பதும் இதே மணற்கல்தான். கேப்பர் மலை என்று நாம் சொல்வது மலையே அல்ல, இந்த மணற்கல் மேட்டின் விளிம்பு. பாறை மிருதுவானது. மழை அதை அறுத்து ஆழமான ஓடைகளாக்கியிருக்கிறது. கரையில் ஒரு துண்டைப் பெயர்த்து விரலால் அழுத்தினால் சிவப்பு மணலாக உதிரும். நடுநடுவே வெண்களி. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது இந்தப் பக்கத்துக் களியை நம்பித்தான்.

இந்த மேட்டில் களர் இல்லை. நேர் எதிராக, லட்சக்கணக்கான வருஷ மழை காரங்களையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் மண் புளித்துக் கிடக்கிறது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் அந்தச் செம்மண்ணில் செழிக்கின்றன. மேட்டிலிருந்து இறங்கினால் அடிவாரத்தில் மணலும் களியும் கலந்த வண்டல். அதற்கும் கிழக்கே வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய கனத்த களி. அதைத் தாண்டினால் கிள்ளை, பிச்சாவரம், கழிமுகம். ஒரே மாவட்டத்தில் மேற்கே புளிப்பு மண், இடையில் வடிகால் கெட்ட இடங்களில் களர், கிழக்கே அலையேறும் இடங்களில் உவர். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு, களருக்கு ஜிப்சம், உவருக்கு வடிகாலும் நல்ல தண்ணீரும். மூன்றையும் ‘உப்பு மண்’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டினால் மூன்றுக்கும் தப்பான மருந்துதான் போய்ச் சேரும்.

மணற்கல் அடிவாரத்து மண்ணுக்கு ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. களி குறைவு, கால்சிய இருப்பும் குறைவு. சோடியம் மிகுந்த நீரைப் பாய்ச்சினால் கனத்த களிமண் சில வருஷமாவது தாக்குப்பிடிக்கும். இந்த மண் சீக்கிரமே தண்ணீரின் குணத்துக்கு மாறிவிடும். ஆக, கடலிலிருந்து தள்ளியிருப்பதே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் தங்கள் போர் தண்ணீரை ஒரு முறையாவது பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது.

இரண்டாவது வரி: தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். இதை மறுக்க ஆய்வகம் தேவையில்லை, மூன்று கண்ணாடித் தம்ளர் போதும். மூன்றிலும் மழைத்தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு முடிவைக் கெடுத்துவிடும். முதல் தம்ளரில் நல்ல வயலின் காய்ந்த மண்கட்டி ஒன்றைச் சுண்டைக்காய் அளவில் மெல்ல இறக்குங்கள். கலக்க வேண்டாம். கட்டி நொறுங்கி உட்காரலாம், ஆனால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். இரண்டாவது தம்ளரில் களர்க் கட்டி. சில நிமிஷங்களில் கட்டியின் விளிம்பில் பால் போன்ற ஒரு வளையம் கிளம்பும். இரண்டு மணி நேரத்தில் அடிப்பகுதி முழுக்கக் கலங்கும். மறுநாள் பார்த்தாலும் தெளியாது. மூன்றாவது தம்ளரிலும் அதே களர்க் கட்டிதான், ஆனால் தண்ணீரில் முன்கூட்டியே ஒரு சிட்டிகை ஜிப்சத்தைக் கரைத்துவிடுங்கள். கலங்கல் எழாது. எமர்சன் என்ற ஆஸ்திரேலிய மண்ணியலாளர் 1967-இல் ஒழுங்குபடுத்திய சோதனையின் எளிய வடிவம் இது. செலவு ஒன்றுமில்லை.

தம்ளருக்குள் நடப்பதுதான் வயலிலும் நடக்கிறது. களித்துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். கால்சியத்துக்கு இரட்டை மின்சுமை; துகள்களை நெருக்கிப் பிடித்து வைக்கும். சோடியத்துக்கு ஒற்றை மின்சுமை, அதைச் சுற்றிலும் தடித்த நீர்ப்போர்வை. அதனால் பிடிமானம் இல்லை. துகள்கள் விலகி நீரில் மிதக்கத் தொடங்கும். மிதந்த களி மண்ணின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். மழை பெய்து மூன்று நாள் கழித்தும் களர்த் திட்டில் டீ நிறத்துத் தண்ணீர் நிற்கும். ஒரு ஜாண் ஆழத்துக்குத் தோண்டினால் கீழே மண் காய்ந்து கிடக்கும். காய்ந்த பிறகு மேலே ஓடு கட்டும், முளை அதைப் பிளந்துகொண்டு வர முடியாது. மட்கு கரைந்து மேலே வந்து கறுப்பாகப் படியும். ஈரத்தில் ஏர் சிக்கும், காய்ச்சலில் ஏர் இறங்காது.

இப்படிப்பட்ட நிலத்தில் வெறும் நல்ல தண்ணீரை விட்டால் என்ன ஆகும்? இருக்கிற கொஞ்சநஞ்சக் கரையும் உப்பும் வடிந்துவிடும். களியை ஓரளவாவது சேர்த்து வைத்திருந்தது அந்த உப்புதான். சோடியமோ களியை விட்டு அசையாது. கடல்நீர் புகுந்த உவர் மண்ணைக் கால்சியம் இல்லாமல் கழுவினால் அதுவும் இதே வழியில் களராகிவிடக்கூடும். கழுவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு நோயை இன்னொரு நோயாக மாற்றுகிறோம். நெதர்லாந்தில் 1953 வெள்ளத்தில் கடல்நீர் வயல்களுக்குள் வந்தபோது அந்த நாட்டு விவசாயத்துறை மழையை மட்டும் நம்பி உட்காரவில்லை, ஜிப்சமும் இட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த நமக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது. வெள்ளை உப்புப் படலம் மறைந்ததும் நிலம் ஆறிவிட்டது என்று கண்ணால் முடிவுகட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரிவது உப்பு, தெரியாதது சோடியம்.

மூன்றாவது வரி: ஒன்றும் விளையாது. யாருக்கு? இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த வரியை எழுதுகிறவர்கள் மாடு வைத்திருப்பவர்கள் அல்ல. சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் பயிர் நிற்கும் மாதங்களில் டெல்டா கிராமத்துக் கால்நடைக்கு மேய இடம் எது? வரப்பு, ஏரிக்கரை, மந்தைவெளி, களர்த் திட்டு. நெல்லுக்கு ஆகாத இடம் அருகம்புல்லுக்கும் கோரைக்கும் ஆகும். உவர் ஓரத்தில் உமரி நிற்கும். அறுவடை முடிந்ததும் தெற்கே சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் செம்மறி மந்தையை ஓட்டிவருகிறார்கள். பகலில் தாளும் புறம்போக்கும் மேய்ச்சல், ராத்திரியில் யாரோ ஒருவர் வயலில் கிடை. கிடை போட விவசாயி காசு கொடுக்கிறார். அதாவது புறம்போக்கில் மேய்ந்த புல் புழுக்கையாகிப் பட்டா நிலத்துக்கு உரமாக வந்து சேர்கிறது. இந்த வரவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாததால் இல்லை என்று ஆகிவிடாது.

ஒரு காலத்தில் இதே நிலத்தின் மேலே பூக்கும் உவர்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்த்தான் வெள்ளாவி வைத்தார்கள். ஊர்த்துணி வெளுத்தது அந்தச் சோடாக் காரத்தில். சித்த மருத்துவம் பூநீறு என்று சேகரிப்பதும் உவர் நிலத்திலிருந்துதான். குழியடிச்சான், களர்பாலை போன்ற நெல் ரகங்கள் உப்பைத் தாங்கும் என்பதைக் கண்டவர்கள் வெள்ளைச் சட்டை விஞ்ஞானிகள் அல்ல. ஒன்றும் விளையாது என்ற முடிவுக்கு இவர்கள் யாருமே வரவில்லை.

மிருதுவான மணற்கல்லின் மேல் சோடியம் ஏறிய வண்டல் மண் அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளிலும், வட தக்கோட்டாவிலிருந்து வயோமிங் வரை, பரந்து கிடக்கிறது. அங்கே மழை நம்மைவிட மிகக் குறைவு. ஆனாலும் அந்த அரசின் மண்வளத்துறை அந்த இடங்களைத் தரிசு என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவதில்லை. மண்ணின் ஆழம் எவ்வளவு, சோடிய அடுக்கு எத்தனை அங்குலத்தில் தொடங்குகிறது, எந்தப் புல் இயல்பாக நிற்கும், சாதாரண வருஷத்தில் எவ்வளவு தீவனம் கிடைக்கும், மேய்ச்சல் மிஞ்சினால் எந்தப் புல் முதலில் மறையும் என்று தளவாரியாக விவரக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. மாட்டுக்காரர் அதைப் பார்த்து மந்தையின் அளவை முடிவு செய்கிறார். நம்மிடம் இருப்பது வருவாய்த்துறையின் ஏ-பதிவேட்டில் ஒரு சொல்.

மேய்ச்சலுக்கு விட்டுவிட்டால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. களர் ஈரமாக இருக்கும்போது குளம்பு பட்டால் மண் கூழாகிக் காய்ந்ததும் கல்லாகும். அடைமழை வாரங்களில் மந்தையைத் தள்ளி வைக்க வேண்டும், புல் விதை கட்டும் சமயத்தில் ஓய்வு கொடுக்க வேண்டும், சீமைக் கருவேலத்தை நுழையவிடக் கூடாது. இவை ஒழுங்குபடுத்தும் வேலைகள். ஒழுங்குபடுத்தாததால் நலிந்த மேய்ச்சல் நிலத்தைக் காட்டி, மேய்ச்சலே கிடையாது என்று வாதாடுவதுதான் இங்கே நடக்கிறது.

இதற்குள் எதிர்த்தரப்பு இன்னொரு பக்கமிருந்து வருவதையும் கேட்டிருக்கிறேன்: “ஜிப்சம் போட்டுப் பார்த்தாச்சு சார், ஒண்ணும் ஆகல.” ஆகாதது உண்மையாகவே இருக்கலாம். சோடியம் ஏறாத வெறும் உவர் நிலத்தில் போட்டிருந்தால் ஆகாது, அங்கே அது தேவையே இல்லை. களரில் போட்டும் வடிகால் வெட்டாமல் விட்டிருந்தால் ஆகாது. ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். இடம்பெயர்ந்த சோடியம் சல்பேட்டாகி நீரில் கரைந்து நிலத்தை விட்டு வெளியேற ஒரு வழி வேண்டும். வாய்க்கால் உண்டு, வடிகால் இல்லை என்பது சிதம்பரம் கடைமடைகளின் பழைய நோய். பாத்தி கட்டி, மண் ஆய்வு சொன்ன தேவையில் பாதியளவு ஜிப்சம் தூவி, மேலாக உழுது, தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்தி வடித்து, மறுபடி கட்டி மறுபடி வடித்து, பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, துத்தநாக சல்பேட்டைக் கூட்டி இட்டு, முதல் பயிராகத் திருச்சி வேளாண் கல்லூரி வெளியிட்ட டிஆர்ஒய் ரகங்களில் ஒன்றை நடுவது — இதுதான் முழு வைத்தியம். இதில் ஒரு படியை மட்டும் செய்துவிட்டு வைத்தியம் பொய் என்பது நியாயமா?

நெல்லை முதலில் நடச் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. தேங்கிய நீரில் வேரும் நுண்ணுயிரும் வெளிவிடும் கரியமில வாயு மண்ணிலேயே கிடக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. பிரண்டையைப் புதைத்த உழவரின் கைவைத்தியமும் தக்கைப்பூண்டும் ஏறக்குறைய இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் 1993-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய களர் நிலச் சீர்திருத்தத் திட்டம், வீண் என்று கைவிடப்பட்ட நிலங்களில் நெல்லும் கோதுமையும் எடுத்துக் காட்டியது. ஜிப்சத்துக்காக நாம் உத்தரப் பிரதேசம் போக வேண்டியதும் இல்லை. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் களி அடுக்குகளிலேயே அது கிடைக்கிறது. அதை அதிகம் வாங்குவது சிமென்ட் ஆலை.

இப்போது நான்காவது வரிக்கு வரலாம். வருவாய்த்துறையின் பதிவேட்டில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று இரண்டு இனங்கள் உண்டு. பெயரே சொல்லிவிடுகிறது: அளந்தது வரியை. வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மென்டில் எந்த நிலம் வரி கட்டவில்லையோ அது தரிசு. அந்த நிலத்தின் கார அமிலநிலை என்ன, சோடியம் எவ்வளவு, எத்தனை மாடு மேய்ந்தது என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. அந்தப் பதிவையே இன்றைக்கு மண்ணைப் பற்றிய விஞ்ஞான உண்மை போல எடுத்துக் காட்டி, வீண்நிலம்தானே என்று இறால் குட்டைக்கும் ஆலைக்கும் ஒதுக்குகிறோம்.

உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை இரண்டு முறையாவது நேரடியாகத் தொட்டிருக்கிறது. இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பர் 11 தீர்ப்பு, விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு ஆகியவற்றோடு கிராமப் பொது நிலத்தையும் இறால் குட்டையாக்கக் கூடாது என்றது. வழக்குத் தொடுத்தவர் தமிழ்நாட்டு சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். பின்னால் 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளுக்கு உரிமம் வழங்கும் பாதையைத் திறந்தது. ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 தீர்ப்பு, கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே திருப்பித் தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. பொது நிலம் யாருமற்ற நிலம் ஆகாது என்பதே இரண்டின் சாரம். இறால் குட்டையில் மண்ணியலும் சேர்ந்துகொள்கிறது: உப்புத் தண்ணீரைத் தேக்கி வைத்துச் சில வருஷத்தில் கைவிட்டுப் போன குட்டை, தன் அடிமண்ணோடு சேர்த்துக் கசிவு எட்டும் பக்கத்து வயலுக்கும் சோடியம் ஏற்றிவிட்டுப் போகிறது. அது முதலில் தரிசாக இருந்ததோ இல்லையோ, பிறகு நிச்சயம் ஆகிவிடுகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. “ஒரு ஏக்கர் வைத்திருப்பவன் மூணு வருஷம் காத்திருக்க முடியுமா? வேலை கேட்கிற பையனுக்குப் புல்லைக் காட்டுவீர்களா?” நியாயமான கேள்வி. களர் சீர்திருத்தத்துக்குப் பணம் வேண்டும், பொறுமை வேண்டும், பக்கத்து வயல்காரரும் சேர்ந்து வடிகால் வெட்ட வேண்டும். தனி ஒரு விவசாயியால் ஆகாது. தொழிற்சாலையே வேண்டாம் என்பதும் என் கட்சியல்ல. ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது, சீர்திருத்தம் அரசாங்கம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்பதைத்தான்; நிலம் வீண் என்பதை இல்லை. ஆலைக்குச் சாலையும் தண்ணீரும் மின்சாரமும் பொதுப்பணத்தில் போடும்போது யாரும் அதைச் செலவு என்று முகம் சுளிப்பதில்லை. வடிகால் வெட்டவும் ஜிப்சம் கொடுக்கவும் பணம் கேட்டால் மட்டும் நிலத்தின் தகுதி விசாரணைக்கு வந்துவிடுகிறது. தகுதி பார்ப்பதென்றால் இரண்டு பக்கமும் ஒரே தராசில் பார்க்கட்டும்.

எல்லாக் களரையும் நெல் வயலாக்க வேண்டும் என்பதும் இன்னொரு மூடநம்பிக்கை. அடியில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் இடத்தில், வடிகாலுக்குச் சரிவே இல்லாத இடத்தில், ஜிப்சத்தில் போடும் காசு வீண். அங்கே புல்தான் சரியான பயிர், மந்தைதான் சரியான அறுவடை. எது எந்த இடம் என்று எப்படித் தெரியும்? அளந்தால் தெரியும்.

ஆகவே கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கடலூர் மாவட்டத்தில் எந்தப் புறம்போக்கையும் எந்தத் தரிசையும் வேறு உபயோகத்துக்கு மாற்றும் கோப்பில் நாலு எண்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: கார அமிலநிலை, மின்கடத்துதிறன், பரிமாற்றச் சோடியத்தின் சதவீதம், நிலத்தடி நீர் நிற்கும் ஆழம். கூடவே, அந்த நிலத்தில் எந்த ஊர்க் கால்நடை எந்த மாதங்களில் மேய்கிறது என்று கிராமசபையில் படித்துக் காட்டிய ஒரு பக்கக் குறிப்பு. மண்பரிசோதனை நிலையம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வேளாண் புலம் வைத்திருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தனையும் பக்கத்தில் இருக்க, வரிக்கணக்குக்காக எழுதிய ஒரு சொல்லை வைத்து நிலத்தின் தலையெழுத்தை முடிவு செய்கிறவர்கள் அறிவியல் பேசத் தகுதியற்றவர்கள். அந்த நாலு எண்கள் இல்லாத கோப்பு எந்த மேசைக்கு வந்தாலும், அதில் ‘தரிசு’ என்று எழுதியிருப்பதை யாரும் நம்ப வேண்டியதில்லை; நம்பாமல் திருப்பி அனுப்ப கிராமசபைக்கு வாய் இருக்கிறது.